ரொட்டிக்காரர் மகளுக்கு ரொட்டி ஆகாது

மலாக்காவை அடுத்த ஜாசினில் சிவசாமியின் ரொட்டியைத் தின்னாத வாய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவர் பெற்ற மகளின் வாய்.

வெறும் அடம் என்றால் இரண்டு அதட்டலில் தீர்ந்திருக்கும். மீனம்மாவுக்கு ஐந்து வயது. கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. ரொட்டி தின்றால் வயிற்றால் போகும், பிஸ்கட் தின்றால் வாந்தி வரும். பூச்சி என்று விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். பெம்பானுக்குத் தூக்கிக்கொண்டு போய் முனியாண்டிக்கு வேண்டிக் கயிறு கட்டினார்கள். கடைசியில் மலாக்காவில் ஒரு சின்ன வயசு வெள்ளைக்கார டாக்டர், அப்போதுதான் சீமையிலிருந்து வந்தவர், பிள்ளையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கோதுமைதான் இவளுக்கு விஷம். எந்த உருவத்திலும் துளிகூட உள்ளே போகக் கூடாது" என்று சொல்லிவிட்டார். சீமையிலேயே இப்போதுதான் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்களாம்.

சிவசாமிக்குப் பயம் வருவதற்கு முன்னால் கோபம்தான் வந்தது. அவருடைய ரொட்டியை விஷம் என்று சொன்ன முதல் மனுஷன் அந்த டாக்டர்.

"அப்ப பிள்ளைக்கு என்ன கொடுக்கிறது?" என்று கேட்டாள் அவர் மனைவி மங்களம்.

"சோறு கொடுங்கள். தாராளமாகக் கொடுங்கள்."

தாராளமாக! வெள்ளைக்காரன் போட்ட அவசர காலச் சட்டத்தில் எந்த வீட்டில் அரிசி தாராளமாக இருந்தது? காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறு போய்விடக் கூடாது என்று, காட்டுக்கு வெளியே இருக்கிற ஜனத்தையெல்லாம் அரை வயிற்றில் வைத்திருந்த காலம் அது. அரிசியைத் தலைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். சின்னப் பிள்ளைக்குச் சின்னப் பங்கு. மற்ற வீட்டுப் பிள்ளைகள் மீதி வயிற்றை ரொட்டியால் நிரப்பிக்கொண்டன, அதுவும் சிவசாமியின் ரொட்டியால். கடைக்குப் பின்னாலேயே வீடு. தினமும் விடிகாலையில் ரொட்டி வேகிற வாசனைக்கு மீனம்மா எழுந்து உட்கார்ந்து அழுவாள். பெற்றவனுக்கு அதைவிட வேறு என்ன தண்டனை வேண்டும்?

மாவு இல்லாமல் ரொட்டி சுடுவது என்று அவர் இறங்கியது அப்போதுதான். கிளேபாங் கடற்கரைப் பக்கம் மணலில் கஜு என்கிற முந்திரி மரங்கள் நிறைய. ரோட்டோரக் கடையில் ஒரு மலாய்க்கார அம்மா, ஓட்டோடு சுட்டு உடைத்த கஜுப் பருப்பு விற்பாள். சிவசாமி பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தார். உரலில் இடித்தார். இடி கொஞ்சம் அதிகமானால் பருப்பு எண்ணெய் விட்டுக் களியாகிவிடும். குறைந்தால் குருணையாக நிற்கும். முதலில் சுட்டது பணியாரத்திலும் சேரவில்லை, வரட்டியிலும் சேரவில்லை. ஊருக்கே ரொட்டி போடுகிற மனுஷன் அதைக் கையில் வைத்துக்கொண்டு விழித்ததைப் பார்த்து மங்களத்துக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

பிறகு பிடிபட்டது. இரண்டு பங்கு கஜு மாவு, ஒரு பங்கு மரவள்ளி மாவு, நன்றாக அடித்த முட்டை. சீக்கிரம் கருகுகிற சாதி என்பதால் இளஞ்சூடுதான் ஆகும். கடையில் காற்றிலேயே மைதா பறக்கும் என்று, குளித்து, வேட்டி மாற்றி, வீட்டு அடுப்பில் சட்டியை வைத்து மேல்மூடியில் கரித்துண்டுகளைப் போட்டுச் சுட்டார். வீட்டுக்குள் கோதுமை என்ற பேச்சே கிடையாது. அத்தனை சுத்தம், அத்தனை காவல்.

மீனம்மா முதல் ரொட்டியைத் தின்றுவிட்டு, "இன்னொன்னு இருக்காப்பா?" என்றாள். கொஞ்ச நாளில் வயிறு வற்றியது, கன்னம் தெரிந்தது. கடை வாசலில் மற்ற பிள்ளைகளோடு நின்று, "எங்கப்பா எனக்கு மட்டும் வேற ரொட்டி சுடுவாரு" என்று பீற்றிக்கொள்ள ஆரம்பித்தாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். ஒரு நாள் ஜாசினுக்கு வரும் வழியில் ரோட் பிளாக்கில் பஸ்ஸை நிறுத்தி, சிவசாமியின் கஜுப் பையைப் போலீஸ்கார மாத்தா பிடுங்கிக்கொண்டான். இனிமேல் வெளியிலிருந்து கொட்டை வகை எதுவும் ஊருக்குள் வரக் கூடாதாம். அது கெடாதாம். ஒரு பை காட்டுக்குள் போனால் மாசக்கணக்கில் தாங்குமாம். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நியாயத்தையா பிள்ளைக்கு ஊட்ட முடியும்?

உள்ளூரில், ரங்கசாமியின் மளிகைக் கடையில், கச்சாங் மட்டும் வீட்டுக்குக் கொஞ்சம் கொடுப்பார்கள். சரி, நிலக்கடலையும் கொட்டைதானே என்று சிவசாமி கஜுவுக்குப் பதில் அதைப் பிடித்தார். வறுத்து, தோல் புடைத்து, கஜுவைவிட எண்ணெய் அதிகம் என்பதால் மெல்ல இடித்து, மரவள்ளி மாவைக் கூட்டினார். ரொட்டி நிறம் கொஞ்சம் கறுத்ததே தவிர மெத்தென்றுதான் வந்தது.

மங்களத்துக்குத்தான் பயம். "கச்சாங் வாயுங்க. வாயு பிடிச்ச வயித்துக்கு அதையே கொடுத்தா எப்படி?"

"அதுக்கு?"

"பெருங்காயம் போட்டுச் சுடுவோம்."

எந்தத் தமிழ் வீட்டில் இதற்கு மறுப்பு உண்டு? கடலை என்றால் பெருங்காயம். பிள்ளை வயிறு உப்பினால் பெருங்காயம். அது மருந்து, அதை யாரும் சந்தேகப்படுவதில்லை. சிவசாமி தன் கையாலேயே ஒரு துண்டைக் கரைத்து ஊற்றிப் பிசைந்தார். ரொட்டி சுண்டல் வாசனை அடித்தது. மீனம்மாவுக்கு அது கஜு ரொட்டியைவிடப் பிடித்துப் போயிற்று.

ஆனால் வயிறு மறுபடி உப்பத் தொடங்கியது. மங்களம் பெருங்காயத்தைக் கூட்டினாள். வயிற்றால் போனது. வெந்நீரிலும் கரைத்துக் கொடுத்தாள். பிள்ளை சுருண்டு படுத்துவிட்டது. மலாக்காவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், அந்த டாக்டர் மாற்றலாகி வடக்கே எங்கேயோ போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் பூச்சி மருந்து எழுதிக் கொடுத்தார்.

"கச்சாங்தான் கெடுக்குது" என்றார் சிவசாமி. "கஜு தின்ன வரைக்கும் நல்லாத்தானே இருந்தா? எப்படியாவது கஜு கொண்டாந்தாத்தான் பிழைப்பா."

"வேணாங்க. பிடிச்சா உள்ள போட்டுருவான். ஊரே பயந்து கிடக்குது."

"அவ கண்ணு உள்ள போயிருக்கிறதைப் பாரு புள்ள. இதுக்கு மேலயா பயம்?"

ஞாயிற்றுக்கிழமை போனார். மலாக்காவில் இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று வாங்கி, பஞ்சுக்கு நடுவே கஜுவைப் பொதித்துத் தைத்துக்கொண்டு பஸ் ஏறினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். தலையணையைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? மாத்தா துப்பாக்கி முனைக் கத்தியால் ஒரு குத்துக் குத்தினான். பஸ் முழுக்கப் பஞ்சு பறந்தது. கஜு ரோட்டில் கொட்டியது.

சாதாரணமாகக் கொண்டு வந்திருந்தால் பிடுங்கிக்கொண்டு விட்டிருப்பார்கள். ஒளித்துக் கொண்டு வந்ததால் அது காட்டுக்குப் போகிற சரக்காகிவிட்டது. ஸ்டேஷனில் விசாரித்த வெள்ளைக்கார அதிகாரியிடம் சிவசாமி உள்ளதைச் சொன்னார். மொழிபெயர்க்கிற கிராணி அதை இங்கிலீஷில் சொன்னதும் அங்கே இருந்த எல்லாருமே சிரித்துவிட்டார்கள்.

"ரொட்டிக்காரன் மகளுக்கு ரொட்டி ஆகாதா?"

கேட்டால் யாருக்குமே சிரிப்புத்தான் வரும். ஆஸ்பத்திரிக்கு ஆள் விட்டுக் கேட்டார்கள். அப்படி ஒரு வியாதியைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்று புது டாக்டர் சொல்லிவிட்டார். மங்களம் அதிகாரியின் காலில் விழப் போனாள். அவர் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. "சரி, நீ சொல்கிற மாதிரி சாகக் கிடக்கிற பிள்ளை ஒன்று இருந்தால் நான் கண்ணால் பார்க்கிறேன். பார்த்தால் நம்புகிறேன்" என்றார். ஆனால் அன்றைக்கே காட்டுக்குள் கம்யூனிஸ்டு வேட்டைக்குப் புறப்பட்டுவிட்டார். திரும்பி வந்ததும் கூப்பிட்டு அனுப்புவாராம். அதுவரை சிவசாமி உள்ளே.

கடையைப் பூட்டிவிட்டு மங்களம் ஒற்றை ஆளாகப் பிள்ளையோடு கிடந்தாள். கஜு போயிற்று, புருஷனும் போயாயிற்று. கச்சாங் ரொட்டியை விட்டால் கொடுக்க வேறு ஒன்றும் இல்லை. பெருங்காயம் கடைசித் துண்டுக்கு வந்துவிட, வாங்க ரங்கசாமியின் கடைக்குப் போனாள்.

"என்னண்ணே பெருங்காயம் விக்கிறீங்க? முன்ன ஒரு கிள்ளு போட்டா வீடே மணக்கும். இப்ப விரல் தண்டி போட்டாலும் வாயு அடங்க மாட்டேங்குது."

"என்னைய என்ன பண்ணச் சொல்ற தங்கச்சி? அசல் பால் பெருங்காயம் எப்பவோ நின்னு போச்சு. இதெல்லாம் கூட்டுப் பெருங்காயம்லா. கொஞ்சம் கோந்து, பாதிக்கு மேல மைதா. மைதாவுல உருட்டுனதுக்கு வீரியம் எங்கருந்து வரும்? நீதான் கூடப் போட்டுக்கணும்."

மங்களம் கல்லாப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். "என்னண்ணே சொன்னீங்க?"

"மைதாதான். ஊருக்கே தெரிஞ்சதுதானே?"

ஊருக்கே தெரியும். ரொட்டிக்காரர் வீட்டுக்கு மட்டும் தெரியவில்லை. வாசலில் காவல் வைத்துவிட்டு, விஷத்தை மருந்துக் கரண்டியில் வைத்து அவர்களே ஊட்டியிருக்கிறார்கள். பிள்ளை வாடவாடக் கூட்டிக் கூட்டி ஊட்டியிருக்கிறார்கள். மங்களம் வீடு வரைக்கும் அழுதுகொண்டே போனாள். பாவம் செய்யாத கச்சாங்கின் மேல் பழியைப் போட்டுவிட்டு, தேவையே இல்லாத கஜுவுக்காக அந்த மனுஷன் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறார்.

பெருங்காயம் போடாத கச்சாங் ரொட்டி மீனம்மாவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் வயிறு கேட்டது. போக்கு நின்றது. எழுந்து உட்கார்ந்தாள், சுவரைப் பிடித்து நடந்தாள், ஒரு நாள் கோழியைத் துரத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினாள். மங்களம் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதன் பிறகுதான் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. அதிகாரி திரும்பிவிட்டார். நாளை மறுநாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

ஆள் போனதும் மங்களம் மீனம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். வழித்து வாரிய தலை, மினுமினுக்கிற கன்னம். சாகக் கிடக்கிற பிள்ளையை எங்கே போய்த் தேடுவது?

அடுக்களையில் பெருங்காயத் துண்டு இன்னும் இருந்தது. தூக்கி எறிய மனம் வராமல் வைத்திருந்தாள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். இரண்டே நாள். வயிறு உப்பும், கண் உள்ளே போகும், அதிகாரி பார்ப்பார், நம்புவார். புருஷன் வீட்டுக்கு வந்துவிடுவார். அப்புறம் இதை நிறுத்திவிட்டால் பிள்ளை மறுபடி தேறிக்கொள்ளாதா? ஒருமுறை தேறியவள்தானே? கணக்கு சரியாகத்தான் வந்தது. அவ்வளவு சரியாக வந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மீனம்மா உள்ளே வந்து மோப்பம் பிடித்தாள். "அம்மா, காய ரொட்டி சுடப் போறியா? எனக்கு அதுதாம்மா வேணும்."

மங்களம் துண்டை நெருப்பில் போட்டாள். வீடு முழுக்க நாற்றம் பிடித்துக்கொண்டது. பிள்ளை ரொட்டி கேட்டு அழுதது. தாய் அதைவிடச் சத்தமாக அழுதாள்.

ஸ்டேஷனில் சிவசாமியைக் கொண்டுவந்து நிறுத்தியதும், மீனம்மா அம்மாவின் கையை உதறிவிட்டு, "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடிப் போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அதிகாரி அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தார். கிராணியிடம் ஏதோ சொன்னார்.

"இதுதான் சாகக் கிடக்கிற பிள்ளையான்னு கேக்கிறாரு" என்றான் கிராணி.

மங்களம் பெருங்காயத்தைப் பற்றிச் சொன்னாள். கிராணிக்கே அது பாதிதான் புரிந்தது. அவன் சொன்னது அதிகாரிக்குப் புரியவே இல்லை. முதலில் ரொட்டி விஷம் என்றார்கள், இப்போது மருந்து விஷம் என்கிறார்கள். பிள்ளையோ கொழுகொழுவென்று நிற்கிறது. அவர் தலையை ஆட்டினார். தடுப்பு முகாம் என்று முடிவாகிவிட்டது. அங்கிருந்து கப்பலேற்றித் தாய்நாட்டுக்கே அனுப்பினாலும் அனுப்புவார்களாம்.

லாரி வருகிற வரைக்கும் நிற்க விட்டார்கள். சிவசாமிக்கு அதிகாரி சொன்னது காதில் விழுந்ததா என்பதே தெரியவில்லை. மகளைத் தூக்கி, பிசைந்த மாவை எடை பார்ப்பது போல ஏந்தி ஏந்திப் பார்த்தார்.

"கனத்துட்டா மங்களம். கஜு எங்க கிடைச்சுது?"

"கஜு இல்லைங்க. அதே கச்சாங்தான். காயம் போடாம."

அவர் ஆயுசு முழுக்க மைதா பிசைந்த தன் கைகளைப் பார்த்தார். "நானே கரைச்சு ஊத்துனேனே" என்றார்.

மங்களத்தால் அதை மனசில் வைத்திருக்க முடியவில்லை. "ரெண்டு நாள் முன்னாடி காயத்தைக் கொடுத்திருந்தா இன்னைக்கு நீங்க வீட்டுக்கு வந்திருப்பீங்க. கையில எடுத்துட்டேங்க. முடியல."

"கொடுத்திருந்தேன்னு வை, வந்து முதல் வேலையா உன்னைத்தான் வெட்டியிருப்பேன்" என்றார். சொல்லிவிட்டு, அத்தனை பேர் பார்க்க, மகளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

லாரி வந்தது. ஏற்றினார்கள். கிளம்பும்போது சிவசாமி பலகையைப் பிடித்து எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார். "கச்சாங்க ரொம்ப இடிக்காதே புள்ள! எண்ணெய் விட்டுரும்! அடுப்பு இளஞ்சூடாவே இருக்கட்டும்!"

அவன் என்ன கத்துகிறான் என்று அதிகாரி கேட்டார். கிராணி அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னான். அதிகாரி ஒரு நிமிஷம் யோசித்தார். இது காட்டுக்குப் போகிற ரகசியச் சேதியாகத்தான் இருக்கும் என்று சொல்லி, மங்களத்தின் வீட்டையும் சோதனை போட ஆள் அனுப்பினார்.