குறை சொல்லாத ஆள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. பழைய மின்சாதனங்களை இணையத்தில் விற்கிறவர்கள் ஏமாறாமலிருக்கப் பத்து யோசனைகள் எழுதித் தரும்படி ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார். மூன்றாவது யோசனையில் அக்கா உள்ளே நுழைந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மீதி ஏழும் வாசலிலேயே நிற்கின்றன.

2

முதல் தொடக்கம்: 'கேமராவைக் கடைசியாக ஒருமுறை துடைத்தபோது அவள் கண்கள்—'

வேண்டாம். அக்கா அழுகிற ஆள் இல்லை. தன் போட்டோ ஸ்டூடியோவை மூடிய அன்றுகூட, பூட்டு வாங்கப் போன இடத்தில் பேரம் பேசியவள்.

இரண்டாவது: அத்தானுக்குக் காது மந்தமாகிவிட்டது. துணிக்கடைக்காரருக்குக் காது போனால் என்ன ஆகும் என்பது எங்களைப் போன்ற வியாபாரக் குடும்பத்துக்குத்தான் தெரியும். வந்தவர் பாதி விலைக்குக் கேட்பார். கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு இவர் சிரித்துத் தலையாட்டுவார். துணி போய்விடும். இப்படியே போனால் கடையும் போய்விடும். அவருக்குக் காதுக் கருவி வாங்க அக்கா தன் கேமராவை விற்பனைத் தளத்தில் போட்டாள்.

சரி, இங்கிருந்தே தொடங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

3

முதலில் வந்தவன் சொன்ன விலைக்கே சம்மதித்தான். அக்கா உடனே பிளாக் செய்துவிட்டாள். பேரம் பேசாதவன் வாங்க வந்தவனில்லை என்பது எங்கள் வீட்டில் யாரும் சொல்லித் தந்து வருவதில்லை.

அடுத்தவன் பேசியதல்லவா பேரம். மதியம் முழுக்கத் தொலைபேசியில் இழுத்தான். வேண்டாமென்று போனான், திரும்பி வந்தான், மாமியாருக்கு உடம்பு சரியில்லையென்று பரிதாபம் தேடினான். அக்காவின் முகத்தில் அப்படியொரு களை.

[இவனை நான் கொஞ்சம் அதிகமாகவே ரசிக்கிறேன். மோசடிக்காரனுக்கு இவ்வளவு அழகு கொடுக்கலாமா? அழகில்லாதவனிடம் யார் ஏமாறுகிறார்கள்?]

விலை படிந்தது. பணம் அனுப்பிய ரசீது என்று ஒரு படம் வந்தது. கூரியர் ஆள் கீழே நிற்கிறான், கொடுத்தனுப்புங்கள் என்றான். அக்கா கேமராவை எடுத்துப் பையில் வைத்தாள். அடிப்பக்கத்துக் கீறல் விரலில் தட்டியது.

4

இந்த இடத்தில் நானே ஓடிவந்து தடுப்பதாக ஒரு வரைவு இருந்தது. படித்துப் பார்த்த அக்கா, நீ அன்றைக்குத் தூங்கிக்கொண்டல்லவா இருந்தாய் என்றாள். அந்த வரைவை அடித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். பையைக் கீழே வைத்துவிட்டு, அத்தானுக்கு உதடு தெரியும்படி நேரே நின்று சொன்னாள்:

"என்னங்க, இவ்வளவு நேரம் பேசினானே, கேமராவைப் பத்தி ஒரு குறைகூடச் சொல்லலையே."

"கீறலைப் பத்திக்கூடவா?"

"நானே சொன்னேன். பரவாயில்லைன்னுட்டான்."

"அப்ப அவன் வாங்க வரலை."

விலையைக் குறைக்க வருகிறவன் முதலில் பொருளை மட்டம் தட்டுவான். இவனோ எங்களைப் போன்றவர்களுக்கென்றே பேரத்தைப் படித்து வந்தவன். அதில் பாதியைத்தான் படித்திருந்தான். சும்மா கிடைக்கப்போகிற பொருளில் கீறல் இருந்தால் அவனுக்கென்ன?

அக்கா வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தாள். எதுவும் வரவில்லை. பணம் கணக்கில் விழட்டும், பிறகு பை இறங்கும் என்று தொலைபேசியில் அவனிடம் சொன்னாள். எதிர்முனை அதோடு அடங்கிவிட்டது.

[பத்திரிகைக்காரருக்கு: ரசீதின் படத்தை நம்பாதீர்கள், கணக்கைப் பாருங்கள். மற்ற யோசனைகளை வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.]

5

இப்போது முடிவு. மூன்றாவதாக ஒரு பெண், பள்ளிக்கூடங்களில் குழுப்படம் எடுப்பவள், வீட்டுக்கே வந்திருக்கிறாள். ஜன்னல் வெளிச்சத்தில் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

"பட்டன் தேஞ்சிருக்கு. கீறல் வேற. இதைப் போய் யாரு வாங்குவாங்க அக்கா?"

அக்காவுக்கு உயிர் வந்துவிட்டது. தேநீர் போடவா என்று கேட்கிறாள்.

அவள் வாங்கிக்கொண்டு போனாள் என்று முடிக்கலாம். வாங்காமல் போனாள் என்று முடித்தால் இலக்கியம் என்பார்கள். எனக்கு இரண்டும் வேண்டாம். அந்தப் பெண் ஒரு விலை சொல்லியிருக்கிறாள். அநியாயத்துக்குக் குறைவு, ஆனால் கேமராவைக் கீழே வைக்காமல் சொல்கிறாள். அத்தான் இருவர் உதட்டையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

பதில் விலையை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக, அத்தானுக்கும் கேட்கட்டும்.