பாக்கெட்டில் நாளைய தேதி

ரூமானா அந்தப் பால் கம்பெனியில் சேர்ந்து பதினோரு வருஷம். பத்திரிகைகளோடு பேசுவது அவள் வேலை. கம்பெனி மேல் புகார் கிளம்பினால், மஞ்சக்குப்பத்தில் நாலு நிருபர்களுக்குப் போன் போட்டு, ஒரு பக்கத்துக்கு மறுப்பு எழுதிக் கொடுப்பாள். மறுநாள் அது ஏதாவது ஒரு மூலையில் சாதுவாக வந்துவிடும்.

இந்தத் தடவை புகார் எந்தப் பேப்பரிலும் வரவில்லை. சிதம்பரத்தில் ஸ்ரீமதி என்ற பெண், 'நாலு வீதி' என்று இணையத்தில் ஒரு பக்கம் நடத்தினாள். எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை, எந்தக் கடையில் எடை குறைகிறது என்றெல்லாம் அதில் எழுதுவாள். திங்கட்கிழமை சாயந்திரம் வாங்கிய பாக்கெட்டில், பேக் செய்த தேதி செவ்வாய்க்கிழமை என்று இருந்தது. அதைப் படமெடுத்துப் போட்டு, 'நாளைக்குப் பேக் பண்ணப்போற பாலை இன்னைக்கே காய்ச்சிட்டேன்' என்று எழுதியிருந்தாள். மறுநாள் மத்தியானத்துக்குள் மாவட்டத்தின் மறுகோடியான திட்டக்குடி வரைக்கும் ஆளாளுக்குத் தங்கள் வீட்டுப் பாக்கெட்டைப் படம் பிடித்து அதன் கீழே போட்டுவிட்டார்கள்.

"நேர்ல போய்ப் பாரும்மா," என்றார் முதலாளி கலியமூர்த்தி. "நெய், பால்கோவா கொஞ்சம் எடுத்துக்கிட்டுப் போ. மாசாமாசம் விளம்பரம் தர்றோம்னு சொல்லு. எடுத்துடுவாங்க."

ஸ்ரீமதி மேலவீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். ஒரு பெரியவருக்குக் கண்ணாடியை மாட்டி, காதுப் பக்கம் அழுத்துகிறதா என்று கேட்டுச் சரிசெய்து அனுப்பிவிட்டு வந்தாள். ரூமானா சொன்னதை முழுசாகக் கேட்டாள்.

"நான் எழுதுனது பொய்யா மேடம்?"

பதினோரு வருஷத்தில் எந்த நிருபரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. மேலிடம் சொன்னதை எழுதினாள். எழுதியதை அவர்கள் போட்டார்கள்.

"எனக்குத் தெரியலங்க," என்றாள். சொன்ன பிறகுதான் முகம் சூடானது.

"கம்பெனியில கேட்டுட்டு எழுதுங்க, போடறேன். ஆனா உங்க பேர்ல எழுதுங்க. கம்பெனி பேர்ல வந்தா யாரும் படிக்க மாட்டாங்க." நெய்யும் பால்கோவாவும் இருந்த பையை ஸ்ரீமதி தொடவேயில்லை.

ரூமானா வீட்டுக்குப் போகாமல், குறிஞ்சிப்பாடியில் இருக்கும் பிளான்ட்டுக்குப் பஸ் ஏறினாள். சூப்பர்வைசர் ஹிதாயத்துல்லா எதையும் மறைக்கவில்லை.

"மத்தியானம் மெஷின்ல ஓடுற பாலுக்கு மறுநாள் தேதிதாம்மா போடுறோம். மறுநாள் காலையிலதான கடைக்குப் போவணும்? சில வண்டிக்காரனுங்க அன்னைக்கே எறக்கிட்டுப் போயிடறாங்க. ரெண்டு வருஷமா இப்படித்தான். பால் நல்ல பாலு, அதுல குத்தம் இல்ல."

"தேதி தப்புதானே பாய்?"

"தப்புதான்."

மறுநாள் காலை அவள் கலியமூர்த்தி முன்னால் போய் நின்றாள். "ஒத்துக்கிட்டு மாத்திடலாம் சார்."

"ஒத்துக்கிட்டா பேப்பர்காரன் சும்மா விடுவானா?"

"பேப்பர்ல இன்னும் வரவே இல்ல சார். அதுக்குள்ள மாவட்டத்துக்கே தெரிஞ்சுபோச்சு."

அவர் போனில் அந்தப் படங்களைக் கடைசி வரை தள்ளிப் பார்த்தார். பிறகு, "எழுது. திட்டு விழுந்தா நீதான் வாங்கிக்கணும்," என்றார்.

அன்றே தன் பேரில் 'நாலு வீதி'யில் எழுதினாள். திட்டு விழுந்தது. ரெண்டு வருஷமாகத் தூங்கினீர்களா என்றார்கள். கைக்குழந்தைக்குக் கொடுத்தேனே, ஒன்றும் ஆகாதே என்று ஒரு தாய் கேட்டாள். தெரிந்ததற்கு ரூமானா உடனே பதில் எழுதினாள். தெரியாததற்கு ஹிதாயத்துல்லாவுக்குப் போன் போட்டாள். அன்று சாப்பாடு டப்பா திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பியது. சிலர் இனி இந்தப் பால் வேண்டாம் என்றே முடித்தார்கள்.

அந்த வாரத்துக்குள் தேதி அச்சடிப்பது மாறியது. மஞ்சக்குப்பத்திலிருந்து நிருபர் சபாபதி கூப்பிட்டார்.

"என்னம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நீ அங்க எழுதுனதைத்தான் எடுத்துப் போட்டிருக்கேன்."

குரலில் வருத்தம் இருந்தது. இனிமேல் அவருக்குத் தனியாகச் சொல்ல ஒன்றும் இருக்காது என்பதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. "கேள்வி இருந்தா கேளுங்க சார், சொல்றேன்," என்று மட்டும் சொன்னாள்.

போனை வைத்தபோது 'நாலு வீதி'யில் புதிதாக ஒன்று வந்திருந்தது. அண்ணாமலை நகரில் ஞாயிற்றுக்கிழமை தயிர் கிடைப்பதே இல்லை, ஏன் என்று யாரோ கேட்டிருந்தார்கள். திட்டும் பயமும் இல்லாத முதல் கேள்வி. ரூமானா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வண்டி அனுப்புகிறவரின் நம்பரைத் தேடினாள்.