அறுபது டன் மேடையில் ஒரு மனிதன்

காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் நாற்காலி கிறீச்சிடுகிறது, எழுந்தால் முழங்கால். மேஜை டிராயரைத் திறக்கிறேன், மாத்திரை அட்டையைப் பார்க்கிறேன், மூடுகிறேன். நாலு மணிக்கு டாக்டரிடம் போக வேண்டும். போவதில்லை என்று முடிவு செய்தாகிவிட்டது. முடிவு செய்தவன் எதற்காகக் கடிகாரத்தையே பார்க்கிறான்?

எனக்கு லாரி எடை மேடையில் வேலை. லாரி ஏறி நிற்கும், நான் ஜன்னல் வழியாகச் சீட்டு அடித்துக் கொடுப்பேன். மேடை அறுபது டன் தாங்கும். என் உடம்பைப் பார்த்து டிரைவர்கள் அதையே எனக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். "அறுபது டன் அண்ணே, சீட்டு" என்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். வயிறு எரியும்.

சிகிச்சைக்குப் போனது மனைவியின் நச்சரிப்பில். தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். என் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தே அவள் தன் தூக்கத்தைத் தொலைத்திருந்தாள். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கலாம். "இது சோம்பேறித்தனம் இல்ல, நோய். சேர்ந்து பாத்துக்கலாம்" என்றார். மாத்திரை, சாப்பாட்டுக்கு ஒரு அளவு, சாப்பிட்டதும் பத்து நிமிட நடை, மாதம் ஒருமுறை எடை. நர்ஸ் எடை பார்த்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். நம்பரைச் சொல்லவே கூடாது என்று கேட்டுக்கொண்டேன். வீட்டு மெஷினோ நூற்றிருபதைத் தாண்டினால் வெறும் கோடுதான் காட்டும்.

ஆனால் என்னிடம்தான் மேடை இருக்கிறதே. மறுநாளே, முதல் லாரி வருவதற்குள், நடுவில் போய் நின்றேன். டிரைவர்களுக்காக வெளியே மாட்டிய போர்டில் சிவப்பாக 140.

இரண்டு மாதம். சாப்பாட்டைப் பாதியாக்கினேன், 140. சர்க்கரை இல்லாத டீயைக் கஷாயம் போல விழுங்கினேன், 140. வெயிலில் சுவரோரமாகக் கிறுக்கன் மாதிரி நடந்தேன், அப்போதும் அதே சனியன் பிடித்த 140. எந்த முகத்தோடு டாக்டரிடம் போவது? முதல் மாதம் வேலை அதிகம் என்று மனைவியிடம் டபாய்த்துவிட்டேன். நாலு நாளாக மாத்திரையும் போடவில்லை. அது அவளுக்குத் தெரியாது.

மதியம் போன் செய்தாள்.

"நாலு மணி. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு இருக்கு."

"ரெண்டு தடவ சொன்னீங்கன்னா போக மாட்டீங்கன்னு அர்த்தம்."

போனை வைத்துவிட்டு டிராயரை மறுபடி திறந்தேன், மூடினேன்.

மூன்று மணிக்கு ஜல்லி லாரி டிரைவர் ஒருவர் இரண்டு சீட்டுகளை ஆட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார்.

"அண்ணே, உங்க மெஷின் பொய் சொல்லுது. எட்டு கிலோ தார்ப்பாய இறக்கி வச்சிட்டு மறுபடி வண்டிய ஏத்தினேன். அதே எடை காட்டுது."

ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த எனக்கு யார் மேலாவது பாய வேண்டியிருந்தது.

"எத்தன தடவய்யா சொல்றது? இது லாரி மேடை. இருபது இருபது கிலோவாத்தான் தாவும், கிட்ட இருக்கற இருபதத்தான் காட்டும். நீ எட்டு கிலோ இறக்கினா அதுக்கு உறைக்குமா? கொறஞ்சது கொறஞ்சதுதான். மேடைக்குத் தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். நான் திறந்த வாயை மூடவில்லை. எட்டு வருடமாகத் தினமும் நாலு பேரிடம் சொல்லும் பேச்சு இது. ஊருக்குத்தான் உபதேசம். ஒற்றை மூட்டையை எடை போட வருகிறவர்களை "இது அதுக்கில்ல" என்று விரட்டுகிற நான், என்னையே கொண்டுபோய் அதில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

பக்கத்து ஆளிடம் ஜன்னலை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன். வழியெல்லாம் இன்னொரு பயம். உண்மையிலேயே ஒன்றும் குறையாமல் இருந்தால்?

நர்ஸ் என்னைப் பார்த்ததும் நோட்டை எடுத்தார்.

"இன்னைக்கும் கண்ண மூடிக்கப் போறீங்களா?"

"இல்ல. சத்தமாவே சொல்லுங்க."

ஏறி நின்றேன்.

"மொத நாள் நூத்தி நாப்பத்தாறு. இப்ப நூத்தி முப்பத்தேழு."

"நாலு நாளா மாத்திர போடல" என்று உளறினேன்.

"அத டாக்டர்கிட்ட சொல்லுங்க. திட்ட மாட்டார்."

வராந்தாவுக்கு வந்து மனைவியைக் கூப்பிட்டேன்.

"ஒம்போது கிலோ கொறஞ்சிருக்கு."

"அவ்வளவா? கொறஞ்சிருக்கும்னு தெரியும்."

"எப்படி?"

"ரெண்டு வாரமா உங்க மூக்குல கை வச்சுப் பாக்கறதில்ல. நான் நல்லாத் தூங்கறேன். சொன்னா கண்ணு பட்டுடுமோன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

உள்ளே என் முறை வந்துவிட்டதென்று கூப்பிட்டார்கள். கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே உள்ளே போனேன்.