பிஸ்கட் டப்பாவுக்குள் பதினேழு டிகிரி

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் எங்கள் தெருச் சங்கத்தின் தலைவர் டெஸ்மண்ட். தன்னை மறுபடியும் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தை நவம்பரில் ஒரு ஞாயிறு மாலை தன் வீட்டிலேயே கூட்டினார். புதிதாக வாங்கிய கம்பியில்லாத் தெர்மோஸ்டாட்டைக் கண்டு நாங்கள் அசந்துபோய் ஓட்டுப் போட வேண்டும் என்பது ஏற்பாடு. உள்ளங்கை அளவுப் பெட்டி. வீட்டைச் சூடாக்கும் சமையலறை பாய்லருக்கு, இத்தனை டிகிரி வேண்டும் என்று எந்த மூலையிலிருந்தும் உத்தரவு போடுமாம்.

"யார்க்ஷயர் கல்லுச் சுவரையே துளைச்சுக்கிட்டுப் போகும்!" என்றார். சொல்லும்போது வாயிலிருந்து ஆவி வந்தது. பாய்லர் காலையிலிருந்து பற்றவே இல்லை.

"சிக்னலுக்கு யாரோ குறுக்க நிக்கறாங்க," என்று விசாரணையைத் தொடங்கினார். மைக்ரோவேவ் அணைக்கப்பட்டது. நான் என் வீட்டுக்கு ஓடி வைஃபையை அணைத்துவிட்டு வந்தேன். அடுத்த சந்தேகம் எதிர்வீட்டு க்வென்னின் காதுக் கருவி மேல்.

"கழட்டிட்டா நீங்க பேசறது கேக்காதே தலைவரே," என்ற க்வென், சந்தோஷமாகக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

இரண்டு கோட்டுகளுக்குள்ளிருந்து அவர் மனைவி ஹிலரி கேட்டாள்: "அந்தத் தெர்மோஸ்டாட் எங்க டெஸ்மண்ட்?"

"பத்திரமான இடத்துல இருக்கு."

"நான் சூட்டை ஏத்திடுவேன்னு ஒளிச்சு வெச்சிருக்கே."

"அது தொழில்நுட்ப விஷயம், ஹிலரி."

இதற்குள் பசித்துப்போன க்வென் அலமாரி உச்சியிலிருந்த கிறிஸ்துமஸ் பிஸ்கட் டப்பாவை இறக்கினாள். எங்கள் தெருவில் அதைப் பண்டிகைக்கு முன் திறப்பதும் சர்ச்சில் விசிலடிப்பதும் ஒன்றுதான்.

"அதைத் தொடாதீங்க!" என்று டெஸ்மண்ட் அலறினார். க்வென்னுக்கு எங்கே கேட்கப் போகிறது? தகர மூடியைத் திறந்தாள்.

குப்பென்று பாய்லர் பற்றிக்கொண்டது.

பிஸ்கட்டுகளின் மேல், பதினேழு டிகிரி போதும் என்று திருகி வைக்கப்பட்ட தெர்மோஸ்டாட் படுத்திருந்தது. டெஸ்மண்ட் பாய்ந்து மூடியை அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் பாய்லர் அணைந்தது. க்வென் மறுபடி திறந்தாள். குப்!

"கல்லையெல்லாம் துளைச்சுட்டு, கடைசியில தகரத்துக்கிட்ட தோத்துடுச்சே!" என்றாள் ஹிலரி.

"பண்டிகைக்கு முன்னாடி டப்பாவைத் திறந்தாங்களே, அதைக் கேக்க யாருமில்லையா?" என்றார் தலைவர். கேட்க முடியாதபடி எல்லார் வாயிலும் பிஸ்கட்.

தேர்தலில் டெஸ்மண்டுக்கு ஒரு ஓட்டு, அவருடையது. மற்ற எல்லா ஓட்டும் ஹிலரிக்கு. தலைவியான ஹிலரி போட்ட முதல் உத்தரவு: இருபத்திரண்டு டிகிரி.

அறை சூடானதும் முதலில் கோட்டைக் கழற்றியவர் டெஸ்மண்ட்தான்.