புல்டோசருக்கும் பருந்துக்கும் நடுவே

மல்யுத்த அரங்கத்தின் கதவைத் திறந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் மேல்வரிசை வரைக்கும் ஆள் நிரம்பிவிட்டது. பாதிப் பேர் கையில் பருந்தின் படம். மீதிப் பேர் கையில் புல்டோசரின் படம், அதன் மூஞ்சி மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. "பருந்து! பருந்து!" என்று அவர்கள் போட்ட கூச்சலில் உடைமாற்றும் அறையின் கண்ணாடி அதிர்ந்தது. கோடு போட்ட நடுவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த நடுவரம்மா ஒரே பொத்தானை இரண்டு முறை தவறான துளையில் மாட்டினாள்.

வெளியே கத்துகிறவர்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. பருந்து அவளுடைய வீட்டுக்காரன். புல்டோசர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். இருவரும் ஜென்மப் பகையாளிகள் என்று ஒரு வருஷமாக எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த ஒரு வருஷமாக இருவரும் நிஜமாகவே பேசிக்கொள்வதில்லை.

இந்தத் தொழிலில் யார் ஜெயிப்பது என்பது முதலாளியின் அறையிலேயே முடிவாகிவிடும். குத்து பாதி வழியில் வேகம் குறையும், உதை படவேண்டிய இடத்தில் பூப்போலப் படும். ஆனால் விழுவது விழுவதுதான், அதில் ஏமாற்று வேலை கிடையாது. அதனால் ரிங்குக்குள் ஒருவன் தன் உயிரை எதிராளியின் கையில்தான் கொடுத்து வைக்கிறான். அண்ணனும் வீட்டுக்காரனும் அப்படித்தான் இருந்தார்கள். மூலைக் கம்பத்தின் உச்சியிலிருந்து பருந்து பாய்வான், புல்டோசர் அவனை நெஞ்சில் ஏந்திக்கொண்டு மல்லாக்க விழுவான். பார்க்கிறவர்களுக்கு அது மரண அடி. பருந்துக்கோ மெத்தை.

கம்பத்தின் மேல் நிற்பவனுக்குக் கீழே நிற்பவனின் கால் தெரியாது. ஆகவே, ஏந்துகிறவன் காலை ஊன்றிக்கொண்டு "வா" என்பான். அதற்குப் பிறகுதான் இவன் குதிப்பான். போன வருஷம் ஒரு சின்ன அரங்கத்தில் அண்ணன் "வா" என்றான். இவனும் குதித்தான். அந்த நொடியில் வியர்வை சிந்திய தரையில் அண்ணனின் கால் வழுக்கிவிட்டது. பருந்து வெறும் தரையில் விழுந்ததில் அவன் விலா எலும்பில் விரிசல் விட்டது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வலியில் இருந்தவன், அத்தனை மல்லர்களும் நிற்கிற அறையில் வாயை விட்டான்.

"எனக்குக் கைத்தட்டல் ஜாஸ்தியா விழுதுல்ல, அவருக்குப் பொறுக்கல. வேணும்னே விட்டுட்டார்."

அண்ணன் அவன் கன்னத்தில் ஒன்று விட்டான். அது வேகம் குறைக்காத அறை. "என் தங்கச்சி புருஷனை நானே கீழ போடுவேனா? இனிமே உன் மூஞ்சியில முழிச்சா என்னை என்னன்னு கேளு!"

"அண்ணே, கால் வழுக்கினதை நான் பாத்தேன்," என்று குறுக்கே போனாள் நடுவரம்மா. "என்னங்க, நீங்க இப்படிப் பேசினதும் தப்பு." இரண்டு பக்கமும் நியாயம் பேசினால் என்ன கிடைக்கும்? இரண்டு பேரும் அவள் மேல் பாய்ந்தார்கள்.

விலா ஆறி அடுத்த முறை இருவரும் மோதியபோது கூட்டம் எழுந்து நின்றது. அவர்கள் முறைத்ததில் நடிப்பே இல்லை. பிடித்த பிடியில் கை சிவந்தது. கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவன்கூட நாற்காலி மேல் ஏறிவிட்டான். முதலாளிக்கு, அதாவது எந்நேரமும் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்குகிற அந்தக் குள்ள மனிதருக்கு, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"இப்படி ஒரு கோபத்தை நான் உக்காந்து எழுதினாலும் வராது," என்றார். "உங்க காலைப் பிடிக்கிறேன், சமாதானம் மட்டும் ஆயிடாதீங்க. சாம்பியன் போட்டி வரைக்கும் இது தாங்கணும்!"

பிறகு அவர் அந்தக் கோபத்தைக் கைக்குழந்தை மாதிரி வளர்த்தார். இருவருக்கும் தனி அறை, தனி வண்டி. டிவி பேட்டியில் ஒருவன் பேசியதை மற்றவனுக்குப் போட்டுக் காட்டி, அவன் பல்லைக் கடிப்பதையும் படம் பிடித்தார். வண்டி நிறுத்துமிடத்தில் கைகலப்பு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிற மேஜை தலைகுப்புறக் கவிழ்ந்தது. ஒருநாள் புல்டோசர் பருந்தின் இறகு அங்கியைக் கிழித்து வீச, அரங்கமே செருப்பைக் கழற்றியது. அந்த அங்கியைக் கண் வலிக்க உட்கார்ந்து தைத்தவள் நடுவரம்மா. மறுநாள் அண்ணன் போனில், "துணி உன் கையால தைச்சதுன்னு தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா அவன் சட்டையை மட்டும் கிழிச்சிருப்பேன்," என்று வருத்தப்பட்டான்.

கூட்டம் பெருகிக்கொண்டே போனது. பஸ்ஸில், சலூனில், பள்ளிக்கூட வாசலில் இதே பேச்சு. வீட்டில் மட்டும் பேச்சு செத்துவிட்டது. அண்ணன் வந்து உட்காருகிற பெரிய நாற்காலி மேல் துவைத்த துணி குவிந்துகொண்டிருந்தது. இவர்களுக்கு நடுவே தூது போய்ப் போய் அவளுக்கு நாக்குத் தள்ளியது. ரிங்குக்குள்ளும் அதே கதைதான். பருந்தின் கழுத்தைப் புல்டோசர் நெரித்துக்கொண்டிருப்பான், அவள் குனிந்து பார்ப்பதுபோல் காதைக் கொடுப்பாள். "அந்தாளுகிட்ட சொல்லு, இடது முட்டி வலிக்குது, அந்தப் பக்கம் முறுக்க வேணாம்னு." அவள் எழுந்து, அதட்டுகிற பாவனையில் அதை ஒப்பித்துவிட்டு வருவாள்.

இன்றைக்குத்தான் அந்தச் சாம்பியன் போட்டி. புல்டோசரின் சாம்பியன் பெல்ட் பருந்துக்குப் போகவேண்டும் என்று முடிவாகியிருந்தது. அதில் தகராறு இல்லை. ஆனால் முதலாளி யாரையும் கேட்காமல் சுவரொட்டியில் அடித்துவிட்டார்: இன்று பருந்து பறக்கும். ஒரு வருஷமாக இருவரும் தொடாமல் ஒதுக்கி வைத்திருந்த பாய்ச்சல் அது.

நடுவரம்மா வீட்டுக்காரனின் அறைக்குப் போனாள். அவன் மணிக்கட்டில் பட்டை சுற்றிக்கொண்டிருந்தான்.

"கூப்பிட்டா குதிக்கிறேன்னு சொல்லு. கூப்பிடாம குதிக்க எனக்கென்ன பைத்தியமா?"

நடையைக் கடந்து அண்ணனிடம் போனாள். அவன் பூட்ஸ் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவரைக் கூப்பிட எனக்கு வாய் வராது. கையை நீட்டுவேன். வந்தா வரட்டும்."

"அண்ணே, விளையாடாதே. போன தடவை விலா. இந்தத் தடவை முதுகெலும்பு போச்சுன்னா என் கதி என்ன ஆகும்?"

அவன் கயிற்றை இழுத்து இறுக்கினான். அண்ணன் கூப்பிடாவிட்டால் பருந்து கம்பத்திலிருந்து இறங்கிவிடுவான், ஏதோ ஒரு பிடியில் ஆட்டம் முடியும், ஜனம் காறித் துப்பும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் கூட்டத்தின் வெறியில் இவன் கூப்பிடாமலே குதித்துவிட்டால்?

மணி அடித்தது. அப்பப்பா, அந்தச் சத்தம்! காலடியில் தரை துடித்தது. புல்டோசர் முதல் மோதலிலேயே பருந்தைத் தூக்கி மூலையில் எறிந்தான். பருந்து கயிற்றில் பட்டுத் திரும்பி வந்த வேகத்தில் இரண்டு காலாலும் அவன் நெஞ்சில் உதைத்தான். மலை ஆடியது, விழவில்லை. கூட்டம் நாற்காலியில் உட்காரவே இல்லை. கழுத்துப் பிடி, தப்பல், இடுப்பைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கல், மறுபடி தப்பல். மூன்று முறை பருந்தின் தோள் தரையில் அழுந்த, அவள் விழுந்து புரண்டு தரையைத் தட்டி எண்ணினாள். மூன்று எண்ணிவிட்டால் தோல்வி, ஆனால் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை இரண்டுக்கு மேல் போகாமல் அவன் தோளைத் தூக்கினான். முன்வரிசையில் குடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், "சட்டுனு எழுந்திருடா கண்ணு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். நடுவரம்மாவுக்கே ஒரு கணம் எல்லாம் மறந்து உடம்பு புல்லரித்தது. இதற்காகத்தானே இந்தப் பாழாய்ப்போன தொழிலைக் கட்டிக்கொண்டு அழுகிறோம் என்று நினைத்தாள்.

அப்போது பருந்து கம்பத்தில் ஏறினான்.

உச்சியில் நிமிர்ந்து நின்று கைகளை விரித்தான். கீழே புல்டோசர் தள்ளாடுவதுபோல் நடு ரிங்குக்கு வந்து நின்றான். அத்தனை ஆயிரம் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கோ ஒரு குழந்தை இருமியது, அது அரங்கம் முழுக்கக் கேட்டது.

அண்ணன் வாயைத் திறக்கவில்லை. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். ஒரு வருஷமாகக் கோபம் கோபம் என்று எல்லோரும் சொன்ன முகம். கிட்டே நின்று பார்த்தால் அதில் கோபத்தையே காணோம். உலக்கைக் கைகள் மட்டும் நீண்டிருந்தன. கண் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, தன் காலடியைப் பார்த்தது. அங்கே தரை வியர்வையில் பளபளவென்று இருந்தது. அட, பாவி அண்ணா, உனக்குப் பயமா! கூப்பிட்டு, அவன் நம்பி வந்து, நீ விட்டுவிட்டாய். அதற்குப் பிறகு உன் வாய் எப்படி வரும்?

எந்த நடுவரும் செய்யாத காரியத்தை அவள் செய்தாள். மண்டியிட்டு உட்கார்ந்து, தன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, அண்ணனின் இரண்டு காலைச் சுற்றியும் தரையை அழுத்தித் துடைத்தாள். வீட்டில் தண்ணீர் கொட்டினால் துடைப்பாளே, அப்படி. பிறகு அவன் பூட்ஸின் மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு விலகினாள்.

புல்டோசர் ஒரு காலை ஊன்றினான். மறு காலை ஊன்றினான். வழுக்கவில்லை. தலையை நிமிர்த்தி மேலே பார்த்தான்.

"வாங்க, மாப்பிள்ளை!"

அந்த நிசப்தத்தில் அது முன்வரிசை வரைக்கும் கேட்டுவிட்டது. "மாப்பிள்ளையாம்ல! திமிரைப் பாரு, கொழுப்பைப் பாரு!" என்று குடைக்கார அம்மாள் குடையை ஓங்கினாள்.

பருந்து ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பறந்தான். விளக்கொளியில் அந்த உடம்பு முழு நீளத்துக்கு விரிந்து வந்ததை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள். அண்ணன் அவனை நெஞ்சில் வாங்கினான், இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டான், அப்படியே மல்லாக்கச் சாய்ந்தான். ரிங் அதிர்ந்தது. அரங்கம் வெடித்தது.

அவள் பாய்ந்து படுத்துத் தரையைத் தட்டினாள். "ஒண்ணு!"

பருந்தின் முகம் அண்ணனின் தோளில் புதைந்திருந்தது. "மச்சான், நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது மச்சான்," என்று அவன் அழுதுகொண்டே சொல்வது அவளுக்கு மட்டும் கேட்டது. அண்ணனின் கை அவன் முதுகில், போன வருஷம் அடிபட்ட அந்த விலாவின் மேல் இருந்தது. "இங்கதானே? இப்ப வலிக்குதா? வலிக்குதா மாப்பிள்ளை?"

"ரெண்டு!"

அண்ணன் கண்ணைத் திருப்பித் தங்கையைப் பார்த்தான். "மெதுவா எண்ணுமா," என்றான்.

இத்தனை வருஷத் தொழிலில் அவள் எண்ணிக்கை பிசகியதே கிடையாது. முதலாளி அவளைக் கடிகாரம் என்றுதான் கூப்பிடுவார். அந்தக் கடிகாரம் தூக்கிய கையை இறக்காமல் அப்படியே வைத்திருந்தது. கூட்டம் பொறுத்துப் பார்த்தது. பிறகு வெறி பிடித்தது. "எண்ணுடி! புல்டோசர் ஆளாடி நீ? அநியாயம்!" தண்ணீர் பாட்டில் ஒன்று அவள் தோளில் வந்து விழுந்தது. விழட்டும். ஒரு வருஷம் காத்திருந்தவள் அவள், இவர்கள் ஒரு நொடி காத்திருந்தால் குறைந்தா போவார்கள்? கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை இறக்கினாள்.

"மூணு!"

மணி அடித்தது. இருவரும் விடவில்லை. மறுபடி அடித்தது. அப்போதும் விடவில்லை. கூட்டத்துக்கு அது கொலைவெறி. "மணி அடிச்சும் விடமாட்டேங்கிறான் பாரு! நசுக்கிக் கொல்லப் போறான்!" என்று அலறினார்கள். வேறு வழியில்லாமல் அவள் வீட்டுக்காரனின் இடுப்பைப் பிடித்து இழுத்து, "போதும், விடுங்க, எல்லாரும் பாக்கிறாங்க," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கண் சிவந்து, மூக்கு ஒழுக, மூச்சு வாங்க எழுந்து நின்ற அந்த இரண்டு பேரைப் பார்த்தவர்கள், இப்படி ஒரு பகையை இனி ஜென்மத்துக்கும் பார்க்கப்போவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். இன்றைக்கும் அப்படித்தான் சொல்லித் திரிகிறார்கள்.

நடையில் முதலாளி குதித்துக்கொண்டிருந்தார். எதிரெதிர் அறைகள், இரண்டு கதவும் பாதி திறந்திருந்தன.

"என்ன கோபம்! அடடா, என்ன கோபம்! இன்னும் பேசிக்கலையே நீங்க? இன்னொரு வருஷம் பேசாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

பருந்து தோளில் பெல்ட்டோடு வாசலுக்கு வந்தான். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டான். ரிங்கில்கூட அவன் இத்தனை நன்றாக நடித்ததில்லை.

"பேசுறதா? அந்தாளுகிட்டயா? ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க வீட்டுப் பக்கம் தலை காட்டினா காலை உடைச்சிடுவேன்னு போய்ச் சொல்லு!" என்று பெண்டாட்டியிடம் உறுமினான். முதலாளி பூரித்துப்போனார்.

அவள் நடையைக் கடந்தாள். நாற்காலி மேலிருக்கிற துணியை எல்லாம் முதலில் எடுத்து மடிக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அண்ணன் உள்ளே பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். சேதியை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள். அவன் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"எத்தனை மணிக்குன்னு கேட்டுட்டு வா."