பத்தொன்பதாம் நாள்

கஜாலினி கட்டுகஸ்தோட்டையில் ஓர் அறை எடுத்துத் தங்கி, பேராசிரியர் நவரட்ணராஜாவிடம் ஆய்வு உதவியாளராக வேலை செய்தாள். பயிரைத் தின்னும் பூச்சியும், அந்தப் பூச்சியை அழிக்கும் பூச்சியும் எப்படிப் பெருகும், எப்படிக் குறையும் என்று சமன்பாடுகளில் பார்ப்பது அவள் வேலை. செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒரு சிறு குளவியை அவள் எடுத்துக்கொண்டாள். இன்று இட்ட முட்டை குளவியாகிப் பறக்கச் சில நாட்கள் ஆகும். அந்தத் தாமதம் பதினைந்து நாட்களுக்குள் இருந்தால் இரண்டும் ஓர் அளவில் அடங்கும். தாண்டினால் அசுவினி விழுந்து, பின் முன்னைவிடப் பெரிதாக எழும். ஆய்வுகூடத்தில் தாமதம் பன்னிரண்டு நாள். கணக்கு சரியாக இருந்தது.

நாவலப்பிட்டிக்கு மேலே தோட்டமொன்றில் பாலாம்பிகை என்ற பெண் அரை ஏக்கரில் போஞ்சிக் கொடி போட்டிருந்தாள். கஜாலினியும் உடன் வந்தவர்களும் சோதனைக்காகக் குளவிகளை அங்கே விட்டார்கள்.

"மருந்து அடிக்காம இருந்தா தாங்குமா மிஸ்?"

"ஓம் அக்கா. மருந்து அடிச்சால் குளவியும் செத்துப்போம். நம்பி விடுங்கோ."

முதல் வாரம் அசுவினி பாதியாகக் குறைந்தது. பாலாம்பிகை கஜாலினிக்குத் தேத்தண்ணியும் ரொட்டியும் கொடுத்தாள். சில நாட்களில், முதலில் விட்ட குளவிகள் ஆயுள் முடிந்து செத்தன. பன்னிரண்டாம் நாள் புதியவை வரவில்லை. குளிரில் முட்டை மெதுவாகவே வளரும்; மலையின் இரவுக் குளிரை கஜாலினி கணக்கில் எடுக்கவில்லை. அவை பத்தொன்பதாம் நாள்தான் வெளியே வந்தன. அதற்குள் அசுவினி கொடியெங்கும் அப்பியிருந்தது. வந்த சில குளவிகளால் ஒன்றும் ஆகவில்லை.

அன்று பின்னேரமே அவள் பேராசிரியரிடம் போனாள்.

"சேர், தாமதம் பத்தொன்பது. எங்கட எல்லையைத் தாண்டிட்டுது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எங்கட கட்டுரை வாசிக்கிற மாநாட்டுக்கு ஒன்பது நாள்தான் கிடக்கு. பன்னிரண்டு எண்டே இருக்கட்டும், பிறகு திருத்தலாம்."

"அந்த அக்காவுக்கு?"

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லும். உம்மட ஒப்பந்தமும் அடுத்த மாதம் புதுப்பிக்க வேணும், என்ன?"

கொடியில் அப்போது பூ இருந்தது. அன்றே மருந்து அடித்திருந்தால் பாதியாவது தேறியிருக்கும். பாலாம்பிகையின் எண் கஜாலினியின் போனில் இருந்தது. இரண்டு முறை எடுத்தாள், இரண்டு முறையும் வைத்துவிட்டாள்.

மாநாட்டில் பன்னிரண்டு நாள் தாமதத்தோடு வரைந்த வரைபடம் அழகாகச் சென்று அடங்கியது. கைதட்டினார்கள்.

மறுவாரம் போனபோது பாலாம்பிகை கருகிய கொடிகளைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தாள். கஜாலினி நடந்ததைச் சொன்னாள். குளிர், நாட்கள், எல்லை எல்லாவற்றையும்.

"இது உங்களுக்கு எப்ப தெரியும் மிஸ்?"

"பதினாறு நாள் முந்தி."

பாலாம்பிகை கையிலிருந்த கொடியைக் குவியலில் போட்டாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"ஒரு போன் போட்டிருக்கலாம்."

பாலாம்பிகை குனிந்து அடுத்த கொடியைப் பிடுங்கினாள். கஜாலினி பஸ் பிடிக்க மலையிலிருந்து இறங்கினாள்.

ஒப்பந்தம் இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது. தாள் வந்த அன்றே கஜாலினி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். திருத்தம் பற்றிப் பேராசிரியரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.