பாம்புச்செவியாருக்குக் காது அடைத்த நாள்

ஒலிக்கருவிகளைப் பற்றி மட்டுமே எழுதும் ஒரு மாத இதழில் அவர் பதினாறு வருடங்களாக விமர்சனம் எழுதிவந்தார். பக்கத்து அறையில் குண்டூசி விழுந்தால், தலை முதலில் விழுந்ததா முனை முதலில் விழுந்ததா என்று சொல்லிவிடுவார் என்று வாசகர்கள் நம்பினார்கள். பாம்புச்செவியார் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அப்பேர்ப்பட்டவருக்கு, விலையுயர்ந்த ஸ்பீக்கர்களின் கண்காட்சி நடக்கிற அன்றைக்கென்று பார்த்து, இரண்டு காதும் அடைத்துக்கொண்டன.

ஒரு வாரமாகவே ஜலதோஷம். காலையில் எழுந்து உட்கார்ந்தபோது உலகத்தையே பஞ்சில் சுற்றிவைத்தாற்போல் இருந்தது. மனைவி எதிரில் நின்று வாயசைத்தாள். அவர் "காபி வேண்டாம்" என்றார். அவள் கேட்டது வேறு ஏதோ என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

ஆவி பிடித்தார். சொட்டு மருந்து விட்டார். ஒற்றைக் காலில் நின்று தலையை உதறினார். காது மசியவில்லை. சாயங்காலத்துக்குள் கட்டுரை வந்தாகவேண்டும் என்று ஆசிரியர் கறாராகச் சொல்லியிருந்தார். கடைசியில் மனைவி ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள்: 'என் தம்பியைக் கூட்டிக்கிட்டுப் போங்க. அவனுக்குக் காது நல்லாக் கேக்கும். வேற எதுக்கும் அவனை நம்பாதீங்க.'

மைத்துனர் ஒரு மெத்தைக் கடையில் விற்பனையாளர். பன்னிரண்டு வருட அனுபவம். சங்கீதத்துக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் அக்கா சொல்லைத் தட்டமாட்டார். கடையின் ஆர்டர் புத்தகத்தைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வந்து நின்றார். அவர் கேட்டு எழுதவேண்டியது, இவர் படித்துவிட்டுப் பெரிய மனுஷத் தோரணையில் தலையாட்டவேண்டியது, அதுதான் ஏற்பாடு.

கண்காட்சி ஒரு ஓட்டலின் நான்காவது மாடியில். அறைக்கு ஒரு கம்பெனி. முதல் அறையில் ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டு, திரை போட்ட ஜன்னலுக்கு முன்னால் மாப்பிள்ளை பெண் மாதிரி நின்றன. மைத்துனர் எழுதிக் கொடுத்தார்: 'இங்க இருந்த கட்டிலை எடுத்துட்டாங்க. பாட்டு கேக்குது.' அடியில் இவர் எழுதினார்: 'எப்படிக் கேட்கிறது?' மைத்துனர் நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்து எழுதினார்: 'சத்தமா.'

பாம்புச்செவியார் அவரை வராந்தாவுக்கு இழுத்துவந்து கிசுகிசுப்பாகத் திட்டினார். கிசுகிசுப்பு என்பது அவர் நினைப்பு. வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மைத்துனருக்கு மனசு விட்டுப்போய்விட்டது. 'எனக்குத் தெரிஞ்ச பாஷையிலதான் மாமா சொல்ல முடியும்' என்று எழுதி நீட்டினார். அந்தப் பாஷையிலேயே சொல்லித் தொலைக்கச் சொன்னார் இவர்.

அதற்கப்புறம் மைத்துனரின் பேனா ஓட ஆரம்பித்தது. இரண்டாவது அறை: 'இலவம்பஞ்சு. உக்காந்தா உள்ள போயிடுவோம், எந்திரிக்க ஆள் வேணும்.' மூன்றாவது அறை: 'நார் மெத்தை. முதுகுக்கு நல்லது. தூக்கம் வராது.' பாம்புச்செவியார் அப்படியே சொன்னார். கம்பெனிக்காரர்கள் பயபக்தியோடு குறித்துக்கொண்டார்கள்.

நான்காவது அறையில் கம்பெனி கிடையாது. ஒரே ஒரு மனிதர், தன் வீட்டுக் கூடத்திலேயே மரத்தை இழைத்து ஸ்பீக்கர் செய்து கொண்டுவந்திருந்தார். கறுப்புக் கோட்டு, தூக்கம் கெட்ட கண்கள். பத்துப் பன்னிரண்டு பேர் கண்ணை மூடி லயித்திருந்தார்கள். பாம்புச்செவியாருக்கு நடு நாற்காலியைக் காலிசெய்து கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் சீட்டு வந்தது: 'தலைமாடு சரி. கால்மாடு சரி. நடுவுல குழி விழுந்திருக்கு. பாடற பொம்பளையோட குரல் இடுப்பு வரைக்கும் இறங்கிடுது.'

படித்த சூட்டில், தன் குரலின் அளவு தனக்குத் தெரியாது என்பதை மறந்து, "நடுவுல குழி விழுந்திருக்கு" என்றார். அறையே அதிர்ந்தது. கண்கள் எல்லாம் திறந்தன.

கோட்டுக்காரர் பாட்டை நிறுத்தினார். பாம்புச்செவியார் வாசல் எத்தனை எட்டு தூரம் என்று கணக்குப் போட்டார். ஆனால் வந்தவர் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கண் கலங்க என்னென்னவோ பேசினார். மைத்துனர் சுருக்கி எழுதினார்: 'ரெண்டு வருஷமா இந்தக் குழி அவருக்கு மட்டும்தான் கேக்குதாம். வீட்டுல லூசுங்கறாங்களாம். என்ன பண்ணலாம்னு கேக்கறாரு.'

பதினாறு வருடத்தில் யாரும் அவரிடம் யோசனை கேட்டதில்லை. மைத்துனரே முன்னால் வந்து, கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே நிதானத்தோடு பதில் சொன்னார். என்ன சொன்னார் என்பது பிறகுதான் இவருக்குத் தெரிந்தது.

"குழி விழுந்தா தலைமாட்டக் கால்மாடா திருப்பிப் போடணும் சார். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை."

கோட்டுக்காரர் கோட்டைக் கழற்றினார். ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் ஒரு பீரோ கனம். ஆறு பேர் சேர்ந்தும் அசையாததால் பாம்புச்செவியாரும் கை கொடுக்கவேண்டியதாயிற்று. மூச்சை அடக்கித் தம் கட்டித் தூக்கியபோது வலது காதுக்குள் டப்பென்று ஏதோ விட்டது. அன்றைக்கு அவர் கேட்ட முதல் ஒலி மைத்துனருடையது.

"காலு, மாமா, என் காலு."

காலை விடுவித்து, ஸ்பீக்கர் இரண்டையும் தலைகீழாக நிறுத்தி, பாட்டைத் திரும்பப் போட்டார்கள். கோட்டுக்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டார். பாதிப் பாட்டிலேயே விசும்ப ஆரம்பித்துவிட்டார். குழி போயே போய்விட்டதாம். எல்லாரும் கை தட்டினார்கள். பாம்புச்செவியாரும் தட்டினார். திறந்த காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்டார். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முன்னால் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தானே.

கட்டுரை மெத்தைப் பாஷையிலேயே வெளிவந்தது. ஸ்பீக்கர் விமர்சனம் முதன்முறையாகப் புரிந்தது என்று கடிதங்கள் குவிந்தன. கோட்டுக்காரர் இனிமேல் எல்லாவற்றையும் தலைகீழாகவே செய்யப்போவதாக எழுதியிருந்தார். பாராட்டு வர வர பாம்புச்செவியாருக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் ஆசிரியர் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டார். வேலை போனாலும் பரவாயில்லை என்றுதான் போனார்.

ஆசிரியர் பேனாவை மூடிவைத்தார். "தூக்கறப்ப எந்தக் காது திறந்துச்சு?"

"வலது, சார்."

"எனக்கு வலது கேக்காம பதினோரு வருஷமாச்சு. வெளிய சொன்னதில்ல." அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அடுத்த கண்காட்சிக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே போயிடலாம். இடது பக்கத்த நான் பாத்துக்கறேன்."

அதற்குள் டாக்டர் பாம்புச்செவியாரின் இரண்டு காதையும் சுத்தம் செய்து அனுப்பியிருந்தார். அதைச் சொல்ல வாயெடுத்தார். ஆசிரியரின் சந்தோஷத்தைப் பார்த்தார். "சரிங்க சார்" என்று எழுந்து வந்துவிட்டார்.